கடைசி வாய்தா

கோர்ட்டு டவாலி இரண்டாவது முறையும் கூப்பிட்டுவிட்டார். “வேம்புலி, அருள்மொழி... வேம்புலி, அருள்மொழி...” பிரிந்து நான்கு வருடமான இரண்டு பேரின் பெயர்களை இன்னமும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். அருள்மொழி பெஞ்சிலிருந்து எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பூந்தமல்லி கோர்ட்டு வராந்தாவின் இரண்டு கோடியையும் பார்த்தாள். வேம்புலியைக் காணோம்.

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வாய்தாவிலும் அவன்தான் முதலில் வந்திருப்பான். ஒன்பதரைக்கெல்லாம் வந்து மரப்பெஞ்சில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பான். பெண்டாட்டியை ரத்து செய்ய வந்தவன் அவள் உட்காருவதற்கு இடம் பிடித்து வைக்கிற அதிசயத்தை அந்தக் கோர்ட்டில் டீ விற்கிறவர் வரைக்கும் பார்த்திருக்கிறார்கள். அவள் வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து சுவரோரமாக நிற்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். அவன் வாயைத் திறந்து பேசுகிறவனாக இருந்திருந்தால் இரண்டு பேரும் கோர்ட்டுப் படியே ஏறியிருக்க வேண்டாம்.

வக்கீல் அப்துல் ரசாக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருவருக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான் வக்கீல். சம்மதத்தோடு பிரிகிறவர்களுக்கு ஒரே வக்கீல் போதும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

“எங்கம்மா உங்க வீட்டுக்காரர்?”

“என்னக் கேட்டா? நான் அந்த ஊட்ட உட்டு வந்து நாலு வருஷம் ஆவுது சார்.”

ஆறு மாதத்துக்கு முன் மனு போட்டு, யோசிக்க அவகாசம் கொடுத்து, இன்றைக்கு முடிவு சொல்கிற நாள். ஜட்ஜம்மா இரண்டே கேள்விதான் கேட்பார் என்று வக்கீல் முன்னாலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். யாரும் கட்டாயப்படுத்தாமல் சம்மதத்தோடுதான் வந்திருக்கிறாயா என்பது ஒன்று. இனிமேல் இவருக்கு மனைவியாக இருக்க இஷ்டமில்லையா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ‘ஆமாங்கம்மா’ என்றால் போதும். திருமழிசையிலிருந்து வருகிற பஸ்ஸில் அருள்மொழி அதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவள் மட்டும் உள்ளே போய் நின்றாள். மதியத்துக்கு மேல் பார்க்கலாம் என்று சொல்லிக் கேஸ் கட்டை ஓரமாக வைத்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் அவன் வரமாட்டான் பார் என்று அவளுடைய அண்ணன் தங்கவேல் நேற்றே சொல்லியிருந்தான். அண்ணன் சொன்னது பலித்துவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அது என்னவென்று அவள் பார்க்கப் போகவில்லை.

வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தபோது ஆறு தவறிய அழைப்புகள் இருந்தன. எல்லாம் திருவேற்காட்டிலிருந்து, வேம்புலியின் அத்தை கண்ணம்மாவின் நம்பர். திருப்பிக் கூப்பிட்டாள். கண்ணம்மா அழுதுகொண்டே சொன்னதை அருள்மொழி நின்றபடியே கேட்டாள். காலையில் குளித்து, சட்டையை அவனே தேய்த்துப் போட்டுக்கொண்டு, செருப்பு மாட்ட வாசற்படியில் உட்கார்ந்தானாம். ஒரு காலில் மாட்டிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தானாம். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்களாம். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, ஊட்டுக்கு எடுத்துகினு போங்கம்மா என்றாராம்.

நாற்பத்திரண்டு வயது. பீடி, குடி ஒன்றும் கிடையாது.

அருள்மொழி போனை மூடிக் கைப்பையில் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். அப்துல் ரசாக் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அருகே வந்தார். அவள் சொன்னாள். அவர் அரபியில் மெதுவாக ஏதோ பிரார்த்தனை முணுமுணுத்து, அவளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

“இப்ப கேஸு இன்னா ஆவும் சார்?” என்று கேட்டாள். கேட்ட பிறகு, இதையா முதலில் கேட்டோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“கேஸ் இனிமே இல்லம்மா. ஒருத்தர் இறந்துட்டா அதோட முடிஞ்சுது. நான் உள்ள ஒரு மெமோ கொடுத்துடறேன்.”

“அப்ப நான்?”

“நீங்க அவரோட மனைவி.”

“நாங்க ரெண்டு பேரும்தான் கையெழுத்து போட்டுட்டமே சார்.”

“ஜட்ஜ் போடலியேம்மா” என்றார் அப்துல் ரசாக். “அவங்க போடுற வரைக்கும் சட்டத்துக்கு நீங்க மனைவிதான். தனியா இருந்தாலும் அப்படித்தான், பேச்சுவார்த்தை இல்லன்னாலும் அப்படித்தான். வாரிசு சர்டிபிகேட்ல மொதல் பேரு உங்களோடதா வரும். அது கெடக்கட்டும், அதெல்லாம் அப்புறம். இப்ப நீங்க போங்க.”

திருவேற்காடு போகிற ஷேர் வேன் ஒன்றில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேம்புலி ஓட்டியதும் இதே ரூட்டுதான், இதே மாதிரி வேன்தான். நான்கு வருடமாக அவள் இந்த ரூட்டில் ஏறியதே இல்லை. ஏறினால் அவன் வண்டியாக இருந்துவிடும் என்று சுற்றிக்கொண்டு போவாள்.

நடந்தது இவ்வளவுதான். அவள் திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ரப்பர் வாஷர் சோதிக்கிற வேலை பார்க்கிறாள். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஒருநாள் செகண்ட் ஷிப்டு முடிந்தும் ஓவர்டைம் நிற்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் மகள் ஜோதிகாவுக்கு வலிப்பு வருகிற அளவுக்குக் காய்ச்சல். வேம்புலி இருபது முறை போன் அடித்திருக்கிறான். பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு வந்து கம்பெனி கேட்டில் நின்றான். அவள் நாலு பெண்களோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவனுக்கு என்ன ஆயிற்றோ, விட்டான் ஒரு அறை.

பயத்தில் அடித்தான் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் என்ன? அடிபட்டது நூறு பேர் பார்க்க. மறுநாளும் அதே கேட்டில் அவள் நுழைய வேண்டியிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து, மனைவியைத் தன்னோடு சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று கோர்ட்டில் மனு போட்டான். மாமியார் முனியம்மா யாரையோ கேட்டுச் செய்த வேலை அது. தபாலில் சம்மன் வந்தது, ஆள் வரவில்லை. வாயால் கூப்பிட முடியாதவன் கோர்ட்டு முத்திரை வைத்துக் கூப்பிட்டால் யார் போவார்கள்? அவள் பதில் மனு போட்டாள். மூன்று வருடம் இழுத்துவிட்டு, கடைசியில் அப்துல் ரசாக்தான் இருவரையும் உட்கார வைத்து, போதும்மா, சம்மதத்தோட பிரிஞ்சிடுங்க என்றார். வேம்புலி தலையாட்டினான்.

தெரு முனையில் அவனுடைய வேன் நின்றுகொண்டிருந்தது. வழக்கமாக ஆள் ஏற்றுகிற இடத்திலேயே, முன் கண்ணாடியில் ‘பூந்தமல்லி’ என்ற பலகையோடு நின்றது. அருள்மொழி அதைப் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். படியோரத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதை யாருக்கும் எடுத்துவைக்கத் தோன்றவில்லை. உள்ளே ஐஸ் பெட்டியில் வேம்புலி படுத்திருந்தான். கோர்ட்டுக்கென்று போட்ட வெள்ளைச் சட்டையை மாற்றக் கூடாது என்று முனியம்மா சொல்லிவிட்டாளாம். பையில் ஒரு பேனா செருகியிருந்தது. வேன் ஓட்டுகிறவன் பையில் பேனா வைத்து அவள் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடுவதற்கு எடுத்து வைத்திருக்கிறான். ஆக, வரத்தான் இருந்தான். வராமல் ஏமாற்றிவிட்டான் என்று காலையில் அவனைத் திட்டிய திட்டெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

அவளைப் பார்த்ததும் பெண்களின் ஒப்பாரி ஒரு நொடி நின்று, பிறகு இன்னும் சத்தமாகத் தொடர்ந்தது. முனியம்மா மட்டும் அழவில்லை. பெட்டியின் கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைத்தபடியே இருந்தாள்.

“வா அருளு” என்றாள். “கோர்ட்டு முடிஞ்சிடுச்சா?”

“இல்ல அத்தே.”

“அப்போ நீ இன்னும் எம்மருமவதானா?”

வக்கீல் சொன்ன பதில் நாக்கு நுனியில் இருந்தது. அருள்மொழி அதைச் சொல்லவில்லை. அவன் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் தங்கவேல் பள்ளிக்கூடத்திலிருந்து ஜோதிகாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒன்பதாவது படிக்கிறாள். யூனிபார்மோடு வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தாள். நைனா என்று ஒரே முறை கூப்பிட்டுவிட்டு அம்மாவிடம் வந்து ஒட்டிக்கொண்டாள். வேம்புலி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேன் எடுத்துக்கொண்டு வந்து, அவளை முன் சீட்டில் உட்காரவைத்து மாங்காடு வரைக்கும் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுக் கொண்டுவந்து விடுவான். கோர்ட்டு கொடுத்த நேரம் பத்திலிருந்து நாலு வரை. ஒருநாள்கூட நாலைத் தாண்டியதில்லை.

“இன்னைக்கு டைவர்ஸ் ஆயிடுச்சாம்மா?” என்று ஜோதிகா காதில் கேட்டாள்.

“ஆவல.”

பிள்ளை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் விரல் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டாள். அருள்மொழிக்கு அவளுடைய அந்த மௌனம்தான் எல்லோருடைய அழுகையைவிடவும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு மணிக்கு மேல் சங்கதி ஆரம்பித்தது. பதினாறாம் நாள் தாலி வாங்குகிறவர்கள் உண்டு. வேம்புலியின் வகையறாவில் பாடை எழும்புவதற்கு முன்பே வாங்கிவிடுவார்கள். மஞ்சள் பூசி, பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தோளில் போட்டு, பெண்களெல்லாம் சுற்றி நின்று மறைத்துக்கொண்டு கழற்றிப் பாலில் போடுவார்கள். இதையெல்லாம் முன்னின்று செய்கிறவள் கண்ணம்மா. அவள் அருள்மொழியின் கழுத்தைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றாள்.

கழுத்தில் ஒன்றும் இல்லை. ஆறு மாதமாக இல்லை.

அருள்மொழி அதைக் கழற்றியது ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிற அப்துல் ரசாக் ஆபீசில். பிரிந்திருந்த வருடங்களில் எல்லாம் கழற்றாதவள், மனுவில் கையெழுத்துப் போட்ட அன்றைக்குக் கழற்றினாள். மஞ்சள் கயிற்றில் கோத்த இரண்டு பொட்டும் நாலு குண்டும் மேஜைமேல் கிடந்தன. வக்கீல் அதைத் தொடவில்லை. இது உங்க சொத்தும்மா, கல்யாணத்துல பொம்பளைக்குப் போட்டது பொம்பளைக்குத்தான், திருப்பித் தரணும்னு எந்தச் சட்டமும் சொல்லல என்றார். எனக்கு வேண்டாம், அவங்க வீட்டுப் பொருளை அவங்களே வைத்துக்கொள்ளட்டும் என்றாள் அருள்மொழி. சொல்லிவிட்டு வேம்புலியைப் பார்த்தாள். வேண்டாம் அருளு, நீயே வச்சிக்க என்று அந்த நேரத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் என்ன செய்திருப்பாளோ அவளுக்கே தெரியாது. அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வக்கீல் அதைப் பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, மேலே கேஸ் நம்பரை எழுதி நீட்டினார். பெற்றுக்கொண்டேன் என்று வேம்புலி கையெழுத்துப் போட்டுவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். அன்றைக்கு ராத்திரி அவள் அழுத அழுகை அறைபட்ட அன்றைக்குக்கூட அழாதது.

அந்த உறையைத்தான் இப்போது தேடினார்கள். பீரோவைக் கலைத்தார்கள், தலையணை உறையை உதறினார்கள், சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. தன்னிடம் காட்டவே இல்லை என்றாள் முனியம்மா.

“மஞ்சக் கொம்ப கயித்துல கட்டி அவ கழுத்துல போட்டுடலாம்” என்றாள் கண்ணம்மா. “போட்டுட்டு வாங்கிடலாம். சாங்கியந்தானே?”

தங்கவேல் அதுவரை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே வந்தான்.

“போட்டுட்டு அறுக்கறதா? யார்னா கேட்டா சிரிப்பாங்க. கோர்ட்ல ஒரே ஒரு நாள் முன்னாடி பேர கூப்ட்டு இருந்தா எந்தங்கச்சி இந்த ஊட்டுக்கு யாரோ. நான் கோடி வாங்கியார மாட்டேன். அருளு, பாத்துட்ட இல்ல, எய்ந்துரு, போலாம்.”

அண்ணன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்று அருள்மொழிக்குத் தெரியும். நான்கு வருடம் அலைந்து, லீவு போட்டு, கம்பெனி மேஸ்திரி முகத்தில் விழித்து அவள் கேட்டது ஒரே ஒரு காகிதம். அது கைக்கு வருகிற நாளில், அவளை உட்காரவைத்துப் பூ வைத்து, அந்தப் பூவையே பிடுங்கி, தாலியறுத்தவள் என்று தெருவுக்குக் காட்டப் போகிறார்கள். அவன் அடித்தபோதும் கூட்டம், அவன் செத்தபோதும் கூட்டம். எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது.

முனியம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

“எம்புள்ள ஒண்டிக்கட்டையா போவக் கூடாது அருளு. அதுக்கோசரம்தான் கேக்கறேன். பொண்டாட்டி கீறான்னு போவட்டும். உன்ன வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

கேஸ் போடச் சொன்னவள் இந்தப் பெண்மணி. மருமகளைச் சந்தி சிரிக்க வைக்கிறேன் பார் என்று தெருக்குழாயடியில் பேசியவள். அந்த வாய் இப்போது கெஞ்சியது. அருள்மொழியால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் வேன் சாவி தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அந்த உறை எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தேடத் தொடங்கியபோதே தெரியும். கூவத்தில் வெள்ளம் வந்த வருடம் இந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ரேஷன் கார்டும் பட்டாவும் கூழாகிவிட்டன. அதற்குப் பிறகு வேம்புலி எந்தக் காகிதத்தையும் வீட்டில் வைப்பதில்லை. மழை வந்தால் வண்டியை மேட்டுக்கு ஓட்டிப் போய்விடலாம், வீட்டை ஓட்ட முடியுமா என்பான். முக்கியமானதெல்லாம் வேனில், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற பெட்டிக்குள்தான். அம்மாவுக்கு அது தெரியாது. பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். எல்லாம் பிளாஸ்டிக் கவரில், அவனுடைய கொட்டை எழுத்தில், கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வரிசையாகச் செருகியிருந்தன. ஆர்.சி. இன்சூரன்ஸ். எப்.சி. ரேசன். ஜோதிகா பொறந்தது. இன்சூரன்ஸுக்கும் எப்.சி.க்கும் நடுவில் அந்தப் பழுப்பு உறை, ஒட்டியது ஒட்டியபடி. வக்கீல் எழுதிய கேஸ் நம்பரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தான்:

அருளுது.

அவள் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெற்றுக்கொண்டேன் என்று வக்கீலுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இங்கே வந்து உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை இது அவனுடைய பொருள் இல்லை. கொஞ்ச நாளைக்கு அவன் வண்டியில் இருக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்குப் பேனாவோடு வந்து அவள் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பான். இதையும் எடுத்து வந்து கொடுத்திருப்பானா? அல்லது இங்கேயே, இன்சூரன்ஸுக்குப் பக்கத்திலேயே காலத்துக்கும் வைத்திருப்பானா? இனிமேல் யாரைக் கேட்பது?

“வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சினு இருந்த?” என்றாள் ஸ்டியரிங்கைப் பார்த்து. “ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா கேடு மாமா உனக்கு?”

அப்போதுதான் அழுகை வந்தது. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதாள்.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, உறையின் ஓரத்தைக் கிழித்தாள். கயிற்றில் மஞ்சள் மங்கியிருந்தது. தலைவழியாக மாட்டிக்கொண்டு, முடியை வெளியே எடுத்துவிட்டு, ரியர்வியூ கண்ணாடியில் ஒருமுறை பார்த்தாள். பிறகு இறங்கினாள்.

அவள் உள்ளே நுழைந்ததும் கண்ணம்மாவுக்கு உயிர் வந்தது. சொம்பில் பாலைக் கொண்டுவரச் சொன்னாள். வளையலை எடுத்தாள். பெண்கள் சேலைத் தலைப்புகளை விரித்துச் சுற்றி வரத் தொடங்கினார்கள்.

அருள்மொழி வேம்புலியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். தாலியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

“பொண்டாட்டியா உக்காந்து அனுப்பறேன். ஆனா இத யாரும் தொடக் கூடாது. இது என்னுது. எப்போ கழட்டணும்னு நான் பாத்துக்கறேன்.”

“அது எப்படிடி?” என்றாள் கண்ணம்மா. “புருசன் போனப்புறம் கழுத்துல கெடந்தா ஊரு இன்னா பேசும்?”

சேலை விரித்தவர்கள் விரித்தபடியே நின்றார்கள். முனியம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் புருஷன் சாகும்போது அவளுக்கு இருபத்தாறு வயது. வேம்புலி இடுப்பில் இருந்தான். அவள் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

“எனக்கு வாங்கறப்போ யாரும் என்னக் கேக்கல” என்றாள். “உடு கண்ணம்மா. அவ கழுத்துல கெடக்கட்டும்.”

கண்ணம்மா பால் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

நாலரைக்கு எடுத்தார்கள். பெட்டியிலிருந்து பாடைக்கு மாற்றும்போது பேனா கீழே விழுந்தது. ஜோதிகா அதை எடுத்து யூனிபார்ம் பையில் வைத்துக்கொண்டாள். தூக்குவதற்கு இடது பக்கம் ஓர் ஆள் குறைந்தது. நான்கு வருடமாக வேம்புலியோடு முகம் கொடுத்துப் பேசாத தங்கவேல், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தோள் கொடுத்தான். மேளம் தெரு முனையைத் தாண்டி, வேனைத் தாண்டி, மெல்ல மெல்லத் தேய்ந்துபோனது.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். முனியம்மா கழுவின ஈரத்திலேயே சுருண்டு படுத்துவிட்டாள். அருள்மொழி அவள் தலைக்கு ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு, படியோரத்தில் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்து, அவன் காலிலிருந்து கழற்றி உள்ளே வைத்திருந்த இன்னொன்றோடு சேர்த்து வைத்தாள். ஈரத் தலையோடு வேன் சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி தெரு முனைக்குப் போனாள். ஜோதிகாவும் பின்னாலேயே வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருவதுபோலவே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

கிழித்த உறை சீட்டில் கிடந்தது. அருள்மொழி அதை நீவி, இன்சூரன்ஸுக்கும் எப்.சி.க்கும் நடுவில் இருந்த இடத்திலேயே செருகிப் பெட்டியை மூடினாள். வெயில் சாய்ந்துவிட்டது. வேலை விட்டு வருகிற கூட்டம் ரோட்டில் தொடங்கியிருந்தது.

சாப்பாட்டுக் கூடையோடு ஒரு பெண் வந்து ஜன்னலைத் தட்டினாள்.

“பூந்தமல்லி எப்போ எடுப்பீங்க?”

“இன்னைக்கு வண்டி போவாதும்மா.”

“டெய்லி இந்நேரத்துக்கு அண்ணன் எடுத்துடுவாரே” என்றாள் அவள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஈரத் தலை, பள்ளிக்கூடப் பிள்ளை, கழுத்தில் தாலி. “நீ டிரைவர் ஊட்டம்மாவா?”

“ஆமா” என்றாள் அருள்மொழி.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, பின்னால் வந்துகொண்டிருந்த வேனுக்குக் கை காட்டப் போனாள்.